முன்னால் ஓர் எழுத்து

புது மென்பொருளைக் கட்டி முடிக்கிற பில்ட் பொத்தானை அழுத்திவிட்டு விரலை எடுத்தபோது நுனி பிசுபிசுத்தது. சாரதாமணி மோந்து பார்த்தாள். வேர்க்கடலை. சாப்பாட்டு நேரத்தில் வெள்ளியங்கிரி இங்கே உட்கார்ந்திருக்கிறான், வேறு யாராக இருக்கும். கடலையை உள்ளங்கையில் போட்டுத் தேய்த்து, தோலை ஊதி, வாய்க்குள் எறிந்துவிட்டு, அதே கையால் தட்டச்சு செய்கிறவன் இந்த ஆபீசில் அவன் ஒருவன்தான். விசைகளுக்கு நடுவே சிவப்புத் தோல் சிக்கியிருந்தது. ஒரு துணுக்கு ஈரமாக ஒட்டியிருந்தது. அது ஏன் ஈரமாக இருக்க வேண்டும் என்று யோசிக்க ஆரம்பித்து, வேண்டாம் என்று நிறுத்தினாள். கைக்குட்டையால் விரலைத் துடைத்தாள். துடைத்த கைக்குட்டையைப் பைக்குள் வைக்க மனம் வராமல் மேசை ஓரத்தில் போட்டாள். திரையில் கறுப்புக் கட்டத்துக்குள் வெள்ளை வரிகள் ஓடத் தொடங்கியிருந்தன. கீழே ஒரு பச்சைக் கோடு, நகர்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாதபடி நகர்ந்துகொண்டிருந்தது. ஆபீஸ் விடுவதற்குள் அது வலது ஓரத்தைத் தொட்டுவிடும். தொட்டதும் ஒரு கேள்வி வரும். பழைய லைப்ரரிகளை நிரந்தரமாக நீக்கலாமா? ஆம். இல்லை. அந்தக் கேள்வியை எழுதி வைத்தவளே அவள்தான். போன வாரம், இன்னும் ஒன்றும் தெரியாதிருந்தபோது, பெருக்கித் துடைக்கிற உற்சாகத்தில் எழுதியது. இப்போது ஆம் என்று சொன்னால் மயிலாத்தாள் என்கிற பெண் சாகும்வரை பால் திருடியாகவே இருப்பாள். இதையும் யோசிக்க வேண்டாம் என்றுதான் நினைத்தாள். கோடு நகர்ந்தது.

அருவருப்பு அவளுக்குப் புதிதில்லை. இந்த ஆறு மாதமாக அதுதான் அவள் வேலை. எடை போடுகிற இடங்களுக்கு மென்பொருள் செய்து கொடுக்கிற கம்பெனி இது. கல் குவாரியில் லாரியை நிறுத்துகிற எடைமேடை, பஞ்சுக் கிடங்கு, கறிக்கோழிப் பண்ணை, கிராமத்துப் பால் சங்கம், எங்கெல்லாம் ஒரு தராசும் பக்கத்தில் ஒரு மேசைக் கணினியும் இருக்கிறதோ அங்கெல்லாம் ஓடுவது இவர்கள் எழுதியது. எல்லாவற்றுக்கும் அடியில் தேவைப்படுவது ஒன்றேதான். தராசு அனுப்புகிற எண்ணை வாங்க வேண்டும், திரையில் கட்டம் போட்டுக் காட்ட வேண்டும், தேதி போட வேண்டும், சீட்டு அச்சடிக்க வேண்டும். அதற்கான தயார்த் துண்டுகளைச் சேர்த்து வைத்ததற்குப் பெயர்தான் லைப்ரரி. ஒரு முறை ஒழுங்காக எழுதி வைத்து எல்லாரும் அதையே எடுத்தாண்டிருக்கலாம். இந்த ஆபீசில் அப்படி நடக்கவில்லை. ஒருவர் எழுதியதை இன்னொருவர் ஃபோல்டரோடு நகல் எடுத்து, முன்னால் தன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டுக்கொள்வார், சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டிக்கொள்கிற மாதிரி. அதன் பிறகு அது அவருடையது. அவரைக் கேட்காமல் வேறு யாரும் அதில் கை வைக்கக் கூடாது. வாடிக்கையாளர் ஃபோன் பண்ணிக் கத்தினால் அந்த எழுத்துக்காரர்தான் எடுத்துப் பேச வேண்டும். எங்கும் எழுதி வைக்காத சட்டம். கம்பெனி ஆரம்பித்த காலத்தில் இரண்டு பேர் ஒரே ஃபைலில் கை வைத்து, ஒரு பெரிய வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு போய்விட்டாராம். அன்றைக்கு முதலாளி ஜெகநாதன் போட்ட சட்டம். மற்ற எதையும் மீறுகிற ஆட்கள் இதை மட்டும் மீறியதில்லை. அதனால் ந_தராசு, கு_தராசு, பி_தராசு, வெ_பால் என்று சர்வர் முழுக்க ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். முகஜாடை ஒன்று, வியாதி வேறு வேறு. எல்லாவற்றையும் ஒன்றாக்கி ஒரே டூல்கிட்டாகப் பண்ணுங்கள் மணி, இனிமேல் எல்லா மென்பொருளும் அதன் மேலேதான் கட்ட வேண்டும் என்று அவர் சொன்னபோது அவளுக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. கோர் என்று அவரே பெயர் வைத்தார்.

திறந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது. கரண்ட் போய்ப் பல நாள் ஆன வீட்டில் ஃப்ரிட்ஜைத் திறக்கிற மாதிரி இருந்தது. ஒருவர் தேதியை மூன்று விதமாக எழுதியிருந்தார், மூன்றும் வேறு வேறு நாளைக் காட்டின. இன்னொருவர் எண்ணைப் போட்டு வைக்கிற இடத்துக்கெல்லாம் பிரியா, பிரியா2, புதுப்பிரியா என்று பெயர் வைத்திருந்தார். அந்தப் பிரியா யாரென்று தெரியாது, அவளுக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகக்கூடும், இங்கே இன்னும் கோழி எடை அவள் பெயரில்தான் ஏறிக்கொண்டிருக்கிறது. யாரோ திட்டி எழுதிய கெட்ட வார்த்தை ஒன்று நகலுக்கு நகல் அப்படியே தொடர்ந்து வந்திருந்தது, துடைக்கக்கூட ஒருவருக்கும் தோன்றவில்லை. இவற்றையெல்லாம் தினமும் காலையிலிருந்து மாலைவரை படித்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைக்கும்போது அவளுக்குக் குமட்டும். கணவர் ரவீந்திரன், "கம்ப்யூட்டர்ல என்ன நாத்தம் வரப்போகுது?" என்று சிரிப்பார். வரும். ஆள் நாற்றம் வரும். ஒவ்வொருவரும் எந்த இடத்தில் சோம்பேறித்தனப்பட்டார், எந்த இடத்தில் பயந்தார், எந்த இடத்தில் எவனாவது வந்து பார்த்துக்கொள்வான் என்று எழுந்து போனார் என்பதெல்லாம் அப்படியே இருக்கும், குளித்தவர் விட்டுப்போன முடி மாதிரி. அந்த முடியை இத்தனை நாளாக அவள் விரலால் சுற்றி எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

எல்லா நகலிலும் அதே இடத்தில் ஒரு சின்னத் துண்டு இருந்தது. சரிசெய் என்று பெயர். அதற்கு மேலே ஒரு குறிப்பு. தொடாதே, ஓடுது. நந்தகோபாலுடையது, பழைய ஆள், எல்லா நகலுக்கும் தாய் நகல் அவனுடைய ந_தராசுதான். சரிசெய் என்றால் என்ன சரிசெய்கிறது? யாரும் கேட்கவில்லை. ஓடுகிற ஒன்றை எடுத்துவிட்டு ஓடாமல் போனால் யார் எழுத்து முன்னால் இருக்கிறதோ அவருக்குத்தான் ஃபோன் வரும். அதனால் நகல் எடுக்கிறவர் அதையும் சேர்த்தே எடுத்தார். கோழிப் பண்ணைக்கு அது எதற்கு, பால் சங்கத்துக்கு அது எதற்கு, தெரியாது, இருக்கட்டும். நேற்று மத்தியானம் அவள் அதைக் கோரில் சேர்ப்பதற்காக வரி வரியாகப் படித்தாள். விசைப்பலகையில் எஃப் எட்டை அமுக்கினால் அடுத்து வருகிற ஓர் எடையை மட்டும் கொஞ்சம் குறைத்துக் காட்டும். அதன் பிறகு ஒன்றும் தெரியாத மாதிரி பழையபடி ஆகிவிடும். முதலில் அவள் தப்பாகப் படித்துவிட்டோம் என்று நினைத்தாள். மறுபடியும் படித்தாள். ஏதோ ஒரு குவாரிக்காரர் கேட்டிருக்கிறார், பர்மிட்டுக்கு மேல் ஏற்றிய கல் சீட்டில் தெரியக் கூடாதென்று. நந்தகோபால் எழுதிக் கொடுத்திருக்கிறான். அழகாக எழுதியிருந்தான், அதுதான் இன்னும் கேவலம். மொத்தக் குப்பையிலும் சுத்தமாக எழுதப்பட்டிருந்த ஒரே துண்டு அது. அவன் இப்போது கனடாவில் இருக்கிறான். ஆப்பிள் தோட்டத்தில் குடும்பத்தோடு கூடை பிடித்து நிற்கிற படம் போட்டிருந்தான், சாரதாமணி அதற்கு ஒரு சிவப்பு இதயம் போட்டாள். இதயம் போட்ட விரல் இதேதான். நேற்றே அதைத் திரும்ப எடுத்துவிடலாமென்று ஃபோனைத் திறந்தாள், எடுத்தால் அவனுக்குத் தெரியுமோ என்று யோசித்தாள், மூடிவைத்துவிட்டாள். தெரிந்தால்தான் என்ன? தெரியக் கூடாது என்று ஏன் தோன்றியது? இந்த இடத்தில் அவள் நினைப்பு போய் முட்டிக்கொண்டு நின்றது, முள்ளில் சேலைத் தலைப்பு மாட்டின மாதிரி, இழுத்தால் கிழியும்.

குவாரி குவாரியோடு போயிருந்தால் அவளும் காறித் துப்பிவிட்டு அந்தத் துண்டை எடுத்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்திருப்பாள். பால் சங்கத்து மென்பொருளில் எஃப் எட்டுக்கு வேறு வேலை கொடுத்திருந்தார்கள். அடுத்த நபர். ஒருவர் பால் ஊற்றி முடித்ததும் அடுத்தவர் பெயரை வரவழைக்க அந்த விசை. மவுஸ் எலியைப் பிடித்துக் கட்டத்தில் தட்டினாலும் அடுத்த நபர் வருவார், விசையை அமுக்கினாலும் வருவார். அமுக்கினால் மேலே அடுத்த நபர் வருவார், அடியில் யாருக்கும் தெரியாமல் சரிசெய்யும் விழித்துக்கொள்ளும். அந்த நபர் ஊற்றுகிற பால் கொஞ்சம் குறையும். அதற்கடுத்தவருக்கும் குறையும். எல்லாருக்கும் குறையும். யார் அந்த விசையை அமுக்குகிறார்களோ அவர்கள் சங்கத்தில் மட்டும். திரையில் வெள்ளை வரிகளுக்கு நடுவே அடுத்த நபர் என்று ஒரு வரி ஓடிப்போனதை இப்போது கண்டாள், புதிய கோரில் அது சுத்தமாக இருக்கிறது என்று சோதனை சொல்லிவிட்டுப் போனது. சுத்தம். அந்த வார்த்தையைக் காலையில் முதலாளி வாயில் கேட்டதிலிருந்து அவளுக்கு அது பினாயில் வாடையடித்தது.

காலையில் அவர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். ஜெகநாதன் கார் சாவியால் காது குடைந்துகொண்டே கேட்டார். சாவி நுனியைப் பார்த்தார், மறுபடியும் குடைந்தார். "அந்தத் துண்டை எடுத்தாச்சில்ல மணி?" என்றார். எடுத்துட்டேன் சார், ஆனா அந்தம்மா, என்றாள். "எந்தம்மா?" போன வருசம் வந்தாங்களே சார், பால் சங்கத்துலருந்து, மயிலாத்தாள். அவருக்கு நினைவு வரக் கொஞ்ச நேரம் பிடித்தது, அல்லது பிடிக்கிற மாதிரி இருந்தார். "சரி, அதுக்கு இப்ப நாம என்ன பண்றது? நந்தகோபால் குவாரிக்குப் போட்டான். வெள்ளியங்கிரி தெரியாம எடுத்தான். அந்தம்மா தெரியாம அமுக்குச்சு. யாரும் தெரிஞ்சு பண்ணலையே." குவாரிக்குத் தெரிஞ்சுதானே சார் பண்ணினது என்றாள். அவர் சாவியைத் துடைக்காமல் மேசை மேல் வைத்தார். அது அவளுடைய காபி டம்ளருக்குப் பக்கத்தில் கிடந்தது. "மணி, இங்க நாப்பது குடும்பம் பொழைக்குது. ஊர்ல இருக்கற சங்கமெல்லாம் நாளைக்கு நம்ம வாசல்ல வந்து நிக்கும். வேணுமா? அதுக்குத்தானே எல்லாத்தையும் ஒண்ணாக்கச் சொன்னது. புதுசு வந்துட்டா எல்லாம் சுத்தம். பழசு இருந்தாத்தானே பேச்சு." அவள் வெளியே வந்து கழிப்பறையில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் அந்த 'அதுக்குத்தானே' வந்து உறைத்தது. அப்படியானால் ஆறு மாதம் முன்பே தெரியுமா? வரலாறெல்லாம் வேண்டாம், கோரைப் புதுசாகத் தொடங்குங்கள், பழைய மாற்றங்களின் பதிவு எதுவும் உள்ளே வரக் கூடாது என்று அவர் சொன்னபோது ஒழுங்கு தெரிந்த மனுஷன் என்று நினைத்தாளே. பேச்சுவாக்கில் வந்ததாகவும் இருக்கலாம். அவர் எதற்கும் அதுக்குத்தானே என்பார், மழை பெய்தால்கூட அதுக்குத்தானே குடை என்பார். தெரியுமா தெரியாதா? சோப்பு நுரை கண்ணில் இறங்கி எரிந்தது. தெரிந்திருந்தால் இவள் ஆறு மாதமாகச் செய்தது பெருக்குகிற வேலைகூட இல்லை, ரத்தம் துடைக்கிற வேலை.

மயிலாத்தாள் வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது, அதுவும் மூக்கில்தான் நினைவிருக்கிறது. புளித்த பால் வாடை. சங்கத்தில் பாலை எடை போட்டுப் பதிகிறவள். தடித்த உடம்பு, ஆண்பிள்ளைச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு, வாயில் வெற்றிலை, குரல் ஆபீஸ் முழுக்கக் கேட்டது. கூட சங்கத்துச் செயலாளர், வெள்ளைச் சட்டை, பையில் மூன்று பேனா. பால் ஊற்றுகிறவர்கள் வீட்டில் அளந்து பார்த்துவிட்டு வந்து சண்டை போட்டிருக்கிறார்கள். சங்கத்தில் வைத்துச் செயலாளரே கணினியில் உட்கார்ந்து, எலியைப் பிடித்துத் தேடித் தேடித் தட்டி நாலு பேருக்கு எடை போட்டார், சரியாக இருந்தது. மயிலாத்தாளை உட்காரவைத்துப் போடச் சொன்னார், குறைந்தது. "எல்லா ஊர்லயும் இதே மிசினு, இதே புரோகிராமு. இந்தம்மா கை பட்டா மட்டும் குறையுதுங்க. என்ன தில்லுமுல்லுன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க," என்றார். மயிலாத்தாள் மேசையைத் தட்டினாள். "நா ஒரு சொட்டு எடுத்திருந்தா இந்தக் கை அழுகிப் போகட்டுங்க. கம்ப்யூட்டரைப் பிரிச்சுப் பாருங்க சாமி." ஜெகநாதன், "கம்ப்யூட்டருக்கு உங்க மேல என்னம்மா கோவம்?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நல்ல நகைச்சுவைதான், சாரதாமணியும் சிரித்தாள். மயிலாத்தாள் சிரித்தவர்களையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "கோவமிருந்தா நேராச் சொல்லச் சொல்லுங்க, என்ர வயித்துல எதுக்கு அடிக்குது," என்றாள். அதற்கும் சிரித்தார்கள். அவர்கள் தூக்கி வந்திருந்த கணினியை வெள்ளியங்கிரி உள்ளே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வந்து ஒரு குறையுமில்லை என்றான். அவனும் எலியைப் பிடித்துத்தான் பார்த்திருப்பான். அவள் போன பிறகு, அவள் உட்கார்ந்த நாற்காலியில் ஈரமாக ஒரு கறை இருந்தது, சேலையில் சிந்தியிருந்த பாலாக இருக்கும். சாரதாமணிதான் துடைக்க ஆள் கூப்பிட்டாள். "நல்லா டெட்டால் போட்டுத் தொடைங்க," என்றும் சொன்னாள். அந்த வாக்கியம் இப்போது திரும்பத் திரும்ப வந்தது. யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். வேலையும் போய்த் திருட்டுப் பட்டத்தோடு படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தவளுக்குக் கேட்டிருக்காது. கேட்டிருக்காதுதான். மாடிப்படி வழியாகச் சத்தம் கீழே வரை போகும், அது வேறு விஷயம்.

ஃபோன் நடுங்கியது. ரவீந்திரன். வரும்போது பால், என்று மட்டும். இது தினமும் வருகிற செய்திதான். நீலக் கவர், கொழுப்பு நீக்கியது. அதைக் கத்தரித்து ஊற்றும்போது கவரின் மூலையில் ஒரு வாய்ப் பால் எப்போதும் நின்றுவிடும், அவள் ஒருபோதும் வழித்து ஊற்றியதில்லை. அந்த அளவுதான் சரிசெய் எடுத்தது, ஓர் ஆளுக்கு ஒரு வேளைக்கு. கேட்கிறவனுக்கு அற்பமாக இருக்கும். அற்பம் என்பதால்தான் யாரும் இத்தனை நாள் உள்ளே திறந்து பார்க்கவில்லை. கேனில் தினமும் மிஞ்சிய பால் சங்கத்துப் பெயரில் போய்க்கொண்டிருந்திருக்கிறது, மிஞ்சுவது மட்டும் மூன்று பேனாக்காரருக்கு உறுத்தவில்லை. அவர் முகத்தை நினைத்தாள், அவர் பேனாக்களை நினைத்தாள், ஒரு கட்டத்தில் அவரைத் திட்டுவது சுகமாக இருக்கிறதே என்று தோன்றி நிறுத்தினாள். எல்லாரையும் வரிசையாகத் திட்டிவிட்டால் கடைசியில் தன் பங்கு குறைந்துவிடும் போல. கோடு பாதியைத் தாண்டியிருந்தது. என்ன நடக்கும், சொன்னால்? குவாரிக்காரர்கள் இருக்கிறார்கள். சங்கங்கள் இருக்கின்றன. இந்த வயதில் இன்னொரு கம்பெனியில் நாற்காலி தேடிப் போகும்போது, முன்பிருந்த இடத்தை ஏன் விட்டீர்கள் என்று கேட்பார்களே, என்ன சொல்வது. சொல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது. அதுதான் கூசியது. நாளைக்குச் சங்கங்களுக்கெல்லாம் புதியது போய் இறங்கிவிடும், பழையது ஓடிய தடமே இருக்காது, எஃப் எட்டை அமுக்கினால் அடுத்த நபர் மட்டும் வருவார், பால் ஒரு சொட்டும் குறையாது. மயிலாத்தாள் போன பிறகு எல்லாம் சரியாகிவிட்டது பார்த்தீர்களா என்பார்கள். சரியாக்கியதே அவள் திருடி என்பதற்கு இன்னொரு சாட்சியாகிவிடும்.

"அக்கா, இன்னும் முடியலீங்களா?" வெள்ளியங்கிரி பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். கையில் கடலைப் பொட்டலம். அவன் ஊதியதில் ஒரு தோல் பறந்து வந்து அவள் முழங்கையில் ஒட்டியது. அவள் அதைத் தட்டிவிட்டாள். "பால் புரோகிராமுல எஃப் எட்டை யாரு வெச்சது?" என்றாள். "நாந்தானுங்க்கா. எந்த ஸ்கிரீன்லயும் அது யூஸ் ஆகல, சும்மா கெடந்துச்சு, எடுத்துக்கிட்டேன்." சும்மா கெடந்துச்சா, என்றாள். மேலே தேடியிருக்கிறான். அடியில் தேடவில்லை, அடியில் தொடாதே என்று போட்டிருந்தது. "ஏனுங்க்கா? அந்த விசைய யாரும் தொடறதே இல்லீங்க. எல்லாரும் எலியைப் புடிச்சுக்கிட்டு ஆடுவாங்க. ஒரே ஒரு அம்மாவுக்குத்தான் சொல்லிக் குடுத்தேன், காலையில கூட்டம் முண்டுது, எலி கூட ஓட முடியலைன்னு திட்டுச்சு. இதை அமுக்குங்கன்னு காட்டினேன். அப்புறம் பாக்கோணுமே, அது விரலு போற வேகத்துக்கு நம்மாளுகளே அடிக்க முடியாது." சொல்லிக்கொண்டே வந்தவன் மென்றுகொண்டிருந்த வாயை நிறுத்தினான். அவள் சரிசெய்யைத் திரையில் திறந்து காட்டினாள். அவன் படித்தான். அவன் உதட்டோரத்தில் கடலைத் துணுக்கு ஒன்று இருந்தது, படித்து முடிக்கும்வரை அது அசையவில்லை. "அய்யோ," என்றான். பிறகு, "இப்ப எடுத்தாச்சில்லீங்க? அப்ப விடுங்க்கா," என்றான். காலையில் கேட்ட அதே கேள்வி, வேறு வாயில். இவன் முதலாளியைப் பார்த்துக் கற்றுக்கொள்ளவில்லை, முதலாளி இவனைப் பார்த்தும் கற்றுக்கொள்ளவில்லை, ஒரே தண்ணீரைக் குடித்தால் ஒரே மாதிரிதான் வயிறு போகும். "அந்தம்மா இப்ப என்ன பண்ணுது?" என்றாள். "தேங்காக் களத்துக்கு மட்டை உரிக்கப் போகுதுங்க. சர்வீசுக்குப் போறப்பப் பாத்திருக்கேன். அவங்க ஊரு ஸ்டாப்புல பஸ் ஏறறதில்லீங்க, நிக்கறவங்க ஒரு மாதிரி பேசறாங்களாட்ட இருக்குது. காட்டு வழியா நடந்து அடுத்த ஸ்டாப்புல போயி ஏறுது." சொல்லிவிட்டுப் பொட்டலத்தை நீட்டினான். "கடலை வேணுங்களா?" எந்த அர்த்தமும் இல்லாமல், கையில் இருந்ததால் நீட்டினான். அவள் பொட்டலத்தைப் பார்க்காமல் திரைக்குத் திரும்பினாள்.

கோடு வலது ஓரத்தைத் தொட்டது. வெள்ளை வரிகள் நின்றன. வெற்றி என்று பச்சையில் ஒரு வார்த்தை வந்தது, அதற்கடியில் அவள் எழுதிய கேள்வி. பழைய லைப்ரரிகளை நிரந்தரமாக நீக்கலாமா? இந்த ஆபீசில் எவரும் இப்படிப்பட்ட கேள்வியைப் படிப்பதில்லை, கட்டம் வந்தால் விரல் தானாக ஆம் என்று போய்விடும், அவள் விரலும் பாதி வழி போயிருந்தது. திரும்ப இழுத்தாள். ஆறு மாத வேலை முன்னால் நின்றது, கழுவித் துடைத்து, ஒரு முடி இல்லாமல். இவ்வளவு சுத்தமான ஒன்றை அவள் இதுவரை செய்ததில்லை. அதை நினைத்துப் பெருமைப்பட முடியாமல் பண்ணிவிட்டார்களே என்று ஒரு கணம் அழுகை மாதிரி வந்தது, அதுவும் பிடிக்கவில்லை, தள்ளினாள். கேள்வியை அப்படியே நிற்கவிட்டு சர்வரைத் திறந்தாள். வெ_பால். அதன் மேல் வலது பக்கம் தட்டினாள். நகல் எடு. ஒட்டு. பக்கத்திலேயே இன்னொன்று முளைத்தது. பெயர் மாற்று. வெ என்ற எழுத்தை அழித்தாள். முன்னால் வெற்றிடத்தில் ஒரு சின்னக் கோடு மினுங்கியது. இத்தனை நாளாக ஒவ்வொரு ஃபோல்டரிலிருந்தும் இந்த எழுத்துகளைத்தான் சுரண்டிச் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தாள், இதைச் செய்கிறவர்களை நினைத்துத்தான் சோற்றில் கை வைக்க முடியாமல் இருந்தாள். சா என்று அடித்தாள். சா_பால். நன்றாக இருக்கவில்லை. சாக்கடைக் குழாய் அடைத்துக்கொண்டால் கையை உள்ளே விடுகிறோமே, முழங்கை வரை போன பிறகும் அருவருப்பு குறைவதில்லை, எதையாவது பிடித்து வெளியே இழுக்கும்வரை கையை எடுக்க முடியாது என்பது மட்டும் தெரிந்துவிடுகிறது, அப்படி இருந்தது. பிறகு கேள்விக்குத் திரும்பி ஆம் என்றாள். ந_தராசு போனது. கு, பி, போயின. பிரியாவும் புதுப்பிரியாவும் கெட்ட வார்த்தையும் போயின. வெ_பால் போனது. நீக்கும் பட்டியலில் இல்லாத பெயர் மட்டும் நின்றது. கோர், அதற்குக் கீழே சா_பால், உள்ளே சரிசெய்யோடு.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஜெகநாதன் வந்து பின்னால் நின்றார். "முடிஞ்சுதா மணி?" முடிஞ்சுது சார். "எல்லாம் ஒண்ணாயிடுச்சு?" ஆயிடுச்சு சார் என்றாள். அவர் குனிந்து திரையைப் பார்த்தார். "அது என்ன, கீழ ஒண்ணு நிக்குது?" "அது என்னுது சார்." "உங்களுதா? இப்ப எதுக்கு அது? அழிச்சிருங்க." "என் எழுத்துப் போட்டிருக்குது சார்," என்றாள் சாரதாமணி, "ஃபோன் வந்தா நானே எடுத்துப் பேசிக்கிறேன்." கார் சாவி அவர் விரலில் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. சுற்றிலும் பையைக் கட்டிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் போட்ட சட்டம், இத்தனை வருடத்தில் அவரும் ஒரு முறைகூட மீறாத சட்டம். அதை இத்தனை பேர் முன்னால் மீறுவதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும், சொன்னால் எல்லாருக்கும் தெரியும். மேசை ஓரத்தில் கிடந்த கைக்குட்டையை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு அவள் எழுந்தாள். "வெள்ளியங்கிரி, அந்தம்மா எந்த ஸ்டாப்புல ஏறுதுன்னு சொன்னே?" வெள்ளியங்கிரி முதலாளியைப் பார்த்தான். பொட்டலத்தை மடித்து மேசை மேல் வைத்தான். கையைக் கால்சட்டையில் இரண்டு பக்கமும் அழுத்தித் துடைத்துக்கொண்டான்.

"கரட்டுமேடுங்க்கா," என்றான்.